திருச்சியிலிருந்து இரண்டு நாள்: ஓட்டும் இன்பத்துக்காகவே போகத்தக்க மலைச்சாலை எது?

காவிரிக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற தை மாதத்தில் ஐந்து கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். இதுவரை ஓட்டிய தூரத்தில் பெரும்பகுதி திருச்சிக்கும் சென்னைக்கும் இடையிலான நான்குவழிச் சாலையிலேயே கழிந்தது. அந்தச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுங்கச்சாவடி எப்போது வரும் என்று பார்த்திருப்பதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வேலை இல்லை. இடையில் ஒரே ஒரு முறை சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினேன். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தபோது, ஏரியைப் பார்ப்பதைவிடத் திரும்பக் கீழே போய் இன்னொரு முறை ஏறலாமா என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து, ஊர் பார்ப்பதற்காக அல்லாமல் ஓட்டுவதற்காகவே ஒரு பயணம் போக வேண்டும் என்ற ஆசை மனத்தில் உட்கார்ந்துவிட்டது.

மார்கழி முதல் வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும். கொல்லிமலை, வால்பாறை, போடிமெட்டு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் எழுபது வளைவு, நாற்பது வளைவு, பதினேழு வளைவு என்று எண்ணிக்கையையே சொல்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் ஓட்டும் இன்பமும் கூடுமா? என் மனைவியும் உடன் வருகிறார். தொடர்ந்து வளைவுகள் வந்தால் அவருக்குக் குமட்டும் என்பதையும் கணக்கில் கொண்டு சொல்லுங்கள். மலை இறங்கும்போது பிரேக்கை எப்படிக் காப்பது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஆனைமலை அடிவாரம் எழுதியது:

வளைவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மலைச்சாலையை மதிப்பிடுவது, போட்ட மிளகாயை எண்ணிக் குழம்பின் சுவையைச் சொல்வது போன்றது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் பொள்ளாச்சிக்காரன் என்பதால் என் தீர்ப்பில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், வளைவுகளும் நாற்பது. ஆனால் அவை கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சீராகப் பிரிந்திருக்கவில்லை. குரங்கு அருவியைத் தாண்டியதும் மொட்டைப் பாறைச் சரிவில் வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சி முனையில் வண்டியை நிறுத்தினால், சற்று முன் நீங்கள் கடந்து வந்த ஆழியாறு அணை மொத்தமும் காலடியில் கிடக்கும். அந்தச் சரிவுகளில் வரையாடுகள் சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேலேயே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்டகட்டிக்கு மேல் சாலை முற்றிலும் வேறு குணம் கொள்கிறது. மர நிழலும், ஈரமும், மூன்றாவது கியரில் நிதானமாகப் பாடிக்கொண்டே போகக்கூடிய நீண்ட திருப்பங்களும் வருகின்றன. பிறகு வாட்டர்பால், கவர்க்கல், ஐயர்பாடி, ரொட்டிக்கடை என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பகுதி. கவர்க்கல்லில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று விதமான சாலைகளை ஓட்டும் நிறைவு வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கொண்டை ஊசி வளைவில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வளைவின் நடுவில் கியரை மாற்றுவது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஹாரன் அடியுங்கள். பிறகு எதிரே உள்ள சாலையைப் பார்க்காமல் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பெரும்பாலான வளைவுகளில், இறங்கி வரும் வண்டி உங்கள் தலைக்கு மேலே உள்ள சாலையில் முன்கூட்டியே தெரியும். அரசுப் பேருந்து தெரிந்தால் வளைவுக்குள் நுழையவே வேண்டாம். பத்து மீட்டர் முன்பே ஓரம்கட்டி நின்றுவிடுங்கள். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆயினும் பேருந்து திரும்ப அந்த வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், விதியை எடுத்துச் சொல்லிக்கொண்டு அங்கே நின்றால் பின்னோக்கி எடுக்க வேண்டியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

காலை ஏழு மணிக்குள் ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் சாலை ஏறக்குறைய உங்களுக்கே உரியது. வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும்; அங்கே வேகத்தை நடைவேகத்துக்குக் குறைத்துவிடுங்கள். வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் தேவை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சிலர் உங்களை மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாகச் சாலக்குடிக்கு இறங்கச் சொல்வார்கள். அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் அது யானைக்காடு. 2022-ஆம் ஆண்டில் கொம்பன் யானை ஒன்று அந்தச் சாலையில் ஒரு தனியார் பேருந்தை எட்டு கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே ஓட வைத்தது. ஓட்டிய மனிதரின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். இரண்டு நாள் பயணத்தில், திருச்சி திரும்ப வேண்டியவருக்கு அந்த வழி ஏற்றதன்று. ஏறிய வழியிலேயே இறங்குங்கள். இறங்கும்போது அது வேறு சாலையாக இருக்கும்.

ராசிபுரத்தான் எழுதியது:

திருச்சியில் இருந்துகொண்டு பொள்ளாச்சிவரை போவதற்கு முன், பக்கத்தில் இருக்கும் கொல்லிமலையை ஒரு வார்த்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, மலையேறி, சோளக்காட்டில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுவிடலாம். அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம் என்பதால் விடுப்புக்கூட ஒரு நாள் போதும்.

ஆயினும் முன்னவர் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். எழுபது வளைவுகளில் முதல் முப்பது வளைவுகள்வரை உற்சாகமாக இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உள்ள எண் பலகையைப் பார்த்துப் பார்த்து, ஐம்பதுக்குமேல் ‘இன்னும் எத்தனை’ என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். மேலே போகப் போக வளைவுகளுக்கு இடையிலான தூரம் சுருங்கிக்கொண்டே வருவதால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி நேராக்குவதற்குள் மறுபக்கம் சுற்ற வேண்டியிருக்கும். ஓட்டுபவருக்கு அது தோளுக்கு உடற்பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேதனை. உங்கள் மனைவியை அழைத்துச் செல்வதாக இருந்தால் முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுங்கள். அதில் இந்த எழுபது வளைவுகளின் தொல்லை இல்லை. தனியாகவோ நண்பருடனோ போகும் நாளில் காரவள்ளி வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். கார் வாங்கிய முதல் வருடம் கொல்லிமலையில் இருந்து இறங்கும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்தும் நினைப்பில் கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வந்தேன். நாற்பதாவது வளைவு வாக்கில் ரப்பர் கருகுவது போன்ற நாற்றம் வந்தது. வெளியே யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, வண்டியோ நின்றபாடில்லை. முதல் கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப்பக்க ஓரத்தில் உரசினாற்போல் நிறுத்தினேன். பக்கத்தில் மிளகு மூட்டையோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர், தண்ணீர் ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்து, “சூட்டோட ஊத்தினா தட்டு கோணிக்கும் தம்பி, சும்மா உக்காரு” என்றார். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நவீன பெட்ரோல் வண்டிகளில் அப்படி இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும் என்பதால், நியூட்ரலில் போட்டால் மிச்சம் என்ற என் கணக்கே தவறு. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு முறை மிதித்து விட்டுவிட வேண்டும். வழி நெடுகத் தடவிக்கொண்டே வரக் கூடாது.

வருசநாட்டு வழிப்போக்கன் எழுதியது:

போடிமெட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் போடியிலிருந்து ஏறும் அந்தப் பதினேழு வளைவுகள் நல்லவைதான். மேலே போகப் போகப் போடி ஊரும் வயல்களும் பின்பக்கக் கண்ணாடியில் சுருங்குவது கண்ணுக்கு விருந்து. ஆனால் பூப்பாறையைத் தாண்டி மூணாறை நோக்கிப் போகும் பகுதியை அகலப்படுத்திய பிறகு, ஓட்டுவதில் இருந்த சவால் குறைந்துவிட்டது. காட்சிக்காகப் போகலாம், ஓட்டுவதற்காக என்றால் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. விடுமுறை நாள்களில் வாகன நெரிசல் வேறு.

எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறிப் பாருங்கள். பதினெட்டே வளைவுகள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துச் சலிப்பதற்குப் பதிலாக, அடுத்தது என்ன பூ என்று பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லிக்கொண்டு வருவார். பார்வை வெளியே இருப்பதால் குமட்டலும் குறையும் என்பது என் வீட்டில் கண்ட உண்மை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருபவருக்குத்தான் முதலில் வயிற்றைப் புரட்டும்.

செங்கோட்டையார் எழுதியது:

குமட்டல் வருபவரோடு போகும் பயணத்துக்குக் கொண்டை ஊசிகளையே தேடிப் போக வேண்டுமா? செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்குப் போகும் சாலையில் மென்மையான திருப்பங்களே உண்டு. பதின்மூன்று கண் பாலத்தின் மீது ரயில் போகும் நேரத்தில் கீழே உள்ள சாலையில் நீங்கள் இருந்தால் அதுவே போதும். ஒரே குறை, சரக்கு லாரிகள் மிகுதி. தனுஷ்கோடிச் சாலையையும் யாராவது பரிந்துரைக்கக்கூடும். அரிச்சல்முனைக்குப் போகும் கடைசிப் பகுதியில் இருபுறமும் கடல் இருப்பது உண்மைதான். ஆனால் அது அம்பு விட்டாற்போல் நேரான சாலை; மணல் வந்து மூடியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர ஓட்டுநருக்கு அங்கே வேலை இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மார்கழிப் பயணத்துக்கு வால்பாறை என்று முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் பொள்ளாச்சியில் தங்கி, மறுநாள் காலை ஏறி, மதியத்துக்குப் பின் இரண்டாவது கியரில் இறங்கிவிடுவது என்று திட்டம். காரவள்ளியை அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துவிடப் போகிறேன். ஐம்பதாவது வளைவில் என்ன தோன்றியது என்று வந்து எழுதுகிறேன்.

இன்னொரு ஐயம். பிறகு ஒரு நாள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா? முப்பத்தாறு வளைவுகள் என்று படித்தேன்.

ஆனைமலை அடிவாரம் எழுதியது:

இறங்க முடியாது. கல்லட்டி மிகச் செங்குத்தான சாலை. பிரேக் சூடேறி நிகழ்ந்த விபத்துகள் பல என்பதால், வெளியூர் வண்டிகளுக்கு மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏற மட்டுமே அனுமதி. நீலகிரி பதிவெண் கொண்ட வண்டிகள்தாம் அதில் இறங்கலாம். ஏறுவதாக இருந்தால் முதல் கியரில் பெரும்பகுதி போகும்; வெப்பமானி முள்ளின் மீது ஒரு கண் இருக்கட்டும். நீலகிரிக்கு 2024 மே முதலே இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. ராசிபுரத்தார் சொன்ன பெரியவர் கல்லட்டியில் இருக்க மாட்டார்.