கார்பெட்டோசினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாமா?

கேள்வி: மலையடிவாரச் செவிலி
போன வாரம் எங்கள் சுகாதார நிலையத்தில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்துப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அதிகாலைப் பிரசவத்துக்கு ஐஸ் பெட்டியில் தனியாக வைத்திருந்த ஆம்பூல்தான் கைகொடுத்தது. நினைத்தாலே இன்னும் கை நடுங்குகிறது. அதே வேலைக்கான கார்பெட்டோசின் மருந்துக்குக் குளிரே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பிரசவ அறையில் 31 வருடம்
வெப்பம் தாங்கும் வகைக்கு மட்டும் உண்மை, தங்கச்சி. அது 30 டிகிரியில் 3 ஆண்டு கெடாது. ஆக்ஸிடோசினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். எதுவானாலும் அட்டையைப் படிக்காமல் எடுக்காதீர்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 10 நாடுகள், 29,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள். 500 மில்லிக்கு மேல் இரத்தம் போவதைத் தடுப்பதில் 100 மைக்ரோகிராம் கார்பெட்டோசின் ஆக்ஸிடோசினுக்குக் குறையவில்லை. 1000 மில்லி விஷயத்தில் அப்படி நிரூபணமாகவில்லை.

பதில்: மகப்பேறு மருத்துவர்
அக்கா சொன்னது சரி. ஒன்றே ஒன்று: கார்பெட்டோசின் குழந்தை பிறந்த பிறகு மட்டும்தான். வலி வரவைக்க இதைப் போடவே கூடாது. ஆக்ஸிடோசின் டிரிப்பை நிறுத்தினால் சில நிமிடத்தில் வேகம் குறையும். கார்பெட்டோசின் நெடுநேரம் கருப்பையை இறுக்கிப் பிடிக்கும், திரும்ப எடுக்க வழியில்லை.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி டாக்டர். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டப்போகிறேன்.