மதுரைக்காரர்களை இன்னும் கொஞ்சம் பயறு சாப்பிட வைக்க என்ன செய்யலாம்?

வைகை வடகரை:

எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கமும் பக்கத்துக் கல்லூரி விடுதி மாணவர்களும் சேர்ந்து ஐப்பசி தொடங்கித் தை முடிய நான்கு மாதம் ஒரு வேலை செய்யப் போகிறோம். நம்ம ஊர்க்காரர்கள் தட்டில் பயறும் பருப்பும் கூட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கறியை நிறுத்துங்கள் என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை. மதுரையில் அதைச் சொன்னால் மிச்சப் பேச்சையும் கேட்க மாட்டார்கள்.

நோட்டீஸ் அடிப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எங்கே, எதைச் சமைத்து வைத்தால் ஆட்கள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவார்கள்? வீடுகளில் விசாரித்தால் மூன்று பதில்தான் வருகிறது: வேக மாட்டேங்குது, வாயு பிடிக்குது, விலை கட்டல. தொழில் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

பந்தி மாஸ்டர்:

டீக்கடையில ஆரம்பிங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல பசியோடதான் ஆட்கள் வந்து நிக்கிறாங்க, கையில சில்லறையும் இருக்கு. வடைத் தட்டுக்குப் பக்கத்துல ஆவி பறக்கிற சுண்டல் இருந்தா அதுவும் போகும். ஆறிப்போன சுண்டல் போகாது. அதனால அடுப்பு ஓரத்துல இடம் கேட்டு வாங்குறதுதான் உங்க முதல் வேலை.

நூறு பேருக்குக் கருப்புக் கொண்டைக்கடலை 3 கிலோ. ஆளுக்கு 30 கிராம் கணக்கு, வெந்தா இரட்டிப்புக்கு மேல வரும். 10 லிட்டர் தண்ணியில லிட்டருக்கு 15 கிராம் கல்லுப்பு கலந்து எட்டு மணி நேரம் ஊறட்டும். ஊறும்போது உப்புப் போட்டா தோல் இளகும், பயப்பட வேண்டாம். நம்ம வெயில்ல பன்னிரண்டு மணி நேரம் விட்டுட்டா நுரை கட்டிப் புளிச்ச வாடை வந்துரும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தி வேக வைங்க. குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. தோல் எழும்பி விசில் ஓட்டையை அடைச்சுக்கும். அஞ்சு விசில், அப்புறம் சிம்முல பத்து நிமிஷம்.

தாளிக்க எண்ணெய் 150 மில்லி, கடுகு 30 கிராம், வரமிளகாய் 40, பெருங்காயம், கறிவேப்பிலை. மூணு தேங்காய் துருவினாப் போதும், ஆனா மொத்தமாக் கலந்துறாதீங்க. தேங்காய் சேர்ந்த சுண்டல் சீக்கிரம் நாறிப்போகும். தாளிச்ச சுண்டலைச் சூட்டுலயே வச்சுக்கிட்டு, கொடுக்கிறப்போ தேங்காயை மேல தூவுங்க.

வேகலைன்னு சொல்றவங்ககிட்ட முதல்ல தண்ணியைக் கேளுங்க. போர் தண்ணியா இருந்தா அதுல உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் பயறோட தோலை இறுக்கிப் பிடிச்சுக்கும்.  ஊறவைக்கவும் வேகவைக்கவும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணியோ கேன் தண்ணியோ போதும். சமையல் சோடா போடுறதா இருந்தா கிலோவுக்கு அரை டீஸ்பூன், அதுக்கு மேல போனா சோப்பு ருசி அடிக்கும். புளி, தக்காளி ரெண்டும் பயறு முழுசா வெந்த பிறகுதான். மொச்சைக் குழம்புல பாதிப் பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான்.

சத்துக்கணக்கு:

மாஸ்டர் சொன்ன அளவு சரி. 30 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டைக்குச் சமம். ஆனால் டீயோடு சேர்த்துக் கொடுப்பதில் எனக்கு ஓர் எதிர்ப்பு உண்டு. பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதே குறைவு. டீயில் இருக்கும் துவர்ப்பு அதையும் தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டீக்கடையைக் கைவிட வேண்டாம், சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள், அல்லது மாங்காய் நறுக்கிப் போடச் சொல்லுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். டீ ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் இன்னும் நல்லது.

விலைப் பேச்சுக்கு ஒரு கணக்கு. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேர் உள்ள வீட்டில் முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி உணவில் பருப்பு, பயறு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 85 கிராம் என்கிறது. தினம் சாம்பார் வைக்கிற வீடும் அந்தப் பக்கம் போவதில்லை, ஏனென்றால் சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம். ஆகவே வீடுகளில் "குழம்பு வையுங்கள்" என்று சொல்லாமல் கெட்டியான கூட்டு, பருப்பு உசிலி, பருப்பு உருண்டைக் குழம்பு, பாசிப்பயறு தோசை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது தாராளம். சோற்றோடு பயறு சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

வாயு: பயறில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிப்பதால் வருவது. ஊறின தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு குறையும். பழக்கமில்லாதவர்கள் இரண்டு வாரம் தினம் இரண்டு கரண்டி மட்டும் எடுக்கட்டும், பாசிப்பயறில் தொடங்கட்டும், மொச்சை கடைசியில் வரட்டும். குடல் பழகிக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். ராஜ்மா செய்தால் கொதிநிலையில் பத்து நிமிஷமாவது வேக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.

தானியக்கடை:

வேகாததுக்குத் தண்ணி பாதிக் காரணம், பழைய சரக்கு மீதிக் காரணம். சூட்டுலயும் ஈரத்துலயும் மாசக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை விசில் விட்டாலும் இளகாது. கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்குவதற்கு முன் ஐம்பது பயறு எண்ணி வாங்கி ராத்திரி ஊற வையுங்கள். காலையில் அஞ்சுக்கு மேல் கல்லாகக் கிடந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

நீங்கள் எடுத்திருக்கும் மாதங்கள் ரொம்பப் பொருத்தம். மார்கழி, தையில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பச்சை மொச்சை வரும். ஊறவைக்க வேண்டியதே இல்லை, உரித்துப் போட்டால் இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பைப் பழக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் திறந்ததே நம்ம அண்ணா நகரில்தான். காலையில் உரித்த மொச்சையை கால் கிலோ பாக்கெட்டாக அங்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். உரிக்கிற வேலைக்குப் பயந்துதான் பலர் அதைத் தொடுவதில்லை.

சங்கம் மொத்தமாக வாங்கினால் வண்டு விழும். அந்த வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயில் முட்டை வைத்துவிடுகிறது, அது பயறோடு மூட்டைக்குள் வந்து அங்கே பெருகுகிறது. ரெண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்து, ஆறின பிறகு கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் பிசறி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வைகை வடகரை:

மூவருக்கும் நன்றி. எலுமிச்சை யோசனையைக் கண்டிப்பாகச் செய்கிறோம். இன்னொன்று மாஸ்டர்: ராத்திரி ஊரே புரோட்டாதான். சால்னாவில் பயறு சேர்த்தால் கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா?

பந்தி மாஸ்டர்:

ஒத்துக்குவார் அண்ணே, சால்னாவோட வாசம் மாறாத வரைக்கும். 10 லிட்டர் வெறும் சால்னாவுக்குக் காய்ஞ்ச வெள்ளைப் பட்டாணி 1 கிலோ கணக்கு. தனியா ஊறவச்சு வேகவைங்க, அதுல நாலுல ஒரு பங்கை மசிச்சு விட்டுருங்க. பொட்டுக்கடலையும் முந்திரியும் அரைச்சு ஊத்துறதைப் பாதியாக் குறைச்சுக்கலாம், கெட்டி பட்டாணியிலயே கிடைச்சுரும். கடைக்காரருக்குச் செலவு குறையுறது அங்கதான், அதைக் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசுங்க. சோம்பு, பட்டை, கல்பாசி எதையும் குறைக்க வேண்டாம்.

ரெண்டு இடத்துல கெடும். பட்டாணி அடியில தங்கிப் பிடிச்சுக்கும், அதனால கனமான சட்டி, சிம் தீ, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிவரைக்கும் கிளறணும். நேரம் போகப் போக இறுகும், பக்கத்துலயே சுடுதண்ணி வச்சுக்கிட்டு விட்டுக்கிட்டே வரணும். பச்சைத்தண்ணி விட்டா எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கிறது போயிரும், அது போனா யாரும் அதைச் சால்னான்னு ஒத்துக்க மாட்டாங்க.

பலகையில "சத்தான சால்னா"ன்னு எழுதாதீங்க, "பட்டாணி சால்னா"ன்னு எழுதுங்க. விடுதியிலயும் அப்படித்தான். அங்க தட்டுக் கழுவுற இடத்துல ஒரு வாளி வச்சு, மிச்சம் விழுறதைத் தினமும் எடை போட்டு எழுதி வைங்க. எந்த ஐட்டத்துக்கு வாளி நிறையுதோ அதை அடுத்த வாரம் மாத்துங்க.