‘வேக் போட்’ என்பதற்குப் ‘பின்னலைப் படகு’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில ஏரி விதிகளைத் தமிழில் எழுதும்போது, சறுக்கு விளையாட்டுக்காகப் பெரிய அலை எழுப்பும் ‘வேக் போட்’ என்ற படகைப் ‘பின்னலைப் படகு’ எனலாம் என்ற முன்மொழிவில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. முதலாவது சிறியது. ‘பின் + அலை’ என்ற பொருளில் சொன்னாலும், ‘பின்னலை’ என்றதும் சடைப்பின்னலே நினைவுக்கு வரும். ‘பின்னலைக் குறைக்கும் விதி’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ஓடிய படகு நீரில் விட்டுச்செல்லும் அலையைச் ‘சுவடலை’ என்றால் அக்குழப்பம் இல்லை.

இரண்டாவது தயக்கம்தான் முக்கியமானது. சுவடலை எழுப்பாத படகே கிடையாது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வெர்மான்ட் விதியோ, தண்ணீர்த் தொட்டி, தண்ணீர்ப் பை போன்றவற்றால் அந்த அலையை வேண்டுமென்றே பெரிதாக்கும் படகை மட்டும் பிரித்து வரையறுக்கிறது. தொட்டி நிரம்பியதும் படகின் பின்புறம் அமிழ்ந்து முகப்பு நிமிரும். மெதுவாக ஓடும்போதே பெரிய அலை எழ, சறுக்குபவர் கயிற்றைக் கைவிட்டு அலையின் உந்துதலிலேயே செல்வார். அவ்வலை கரையை அரிப்பதாலும், சாய்ந்த படகின் உந்துவிசிறி அடிச்சேற்றைக் கிளறுவதாலும், கரையிலிருந்து 500 அடி தொலைவும் 20 அடி ஆழமும் உள்ள, 50 ஏக்கருக்குக் குறையாத தொடர் நீர்ப்பரப்பில்தான் இவ்விளையாட்டுக்கு அங்கே இடமுண்டு. மெய்ன் மாநிலத்தில் 300 அடி தொலைவும் 15 அடி ஆழமும் போதும். விஸ்கான்சினிலோ ஊராட்சிகளே விதி வகுத்துள்ளன. அவற்றுள் சில, படகைவிட ‘செயற்கையாகப் பெருக்கிய அலை’யையே தடை செய்கின்றன.

ஆகவே என் பரிந்துரை ‘அலைபெருக்கிப் படகு’. விளையாட்டு ‘சுவடலைச் சறுக்கு’ ஆகட்டும்.

தொட்டியில் ஏற்றும் இந்தப் பாரநீரைக் குறிக்கும் ‘பாலாஸ்ட்’ என்பதற்குக் கப்பல்துறையை ஒட்டி ‘நிலைப்பாரம்’ என்பதும் இங்கே பொருந்தாது, ஏனெனில் இப்பாரம் படகை நிலைநிறுத்துவதற்காக அன்று, அலையைப் பெருக்குவதற்காகவே ஏற்றப்படுகிறது. ‘சுமைநீர்’ என்றால் இன்னொரு விதியும் எளிதில் விளங்கும். வடித்த பிறகும் தொட்டியின் அடியில் கொஞ்சம் சுமைநீர் தங்கும்; ஏரிகளில் பரவிக் கேடு செய்யும் வரிச்சிப்பியின் (‘ஸீப்ரா மசல்’) கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் அதில் ஏரிவிட்டு ஏரி போய்விடக்கூடும். இதனால்தான் வெர்மான்ட்டில் உரிமையாளர் தம் படகுக்கென ஆண்டுக்கு ஓர் ஏரியைக் குறிப்பிட வேண்டும். வேறு ஏரியில் ஓட்டிய பின் அங்கே திரும்புவதற்கு முன் படகைத் தூய்மையாக்கவும் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஹோம் லேக்’ எனப்படும் அந்த ஏரிக்குத் ‘தாய் ஏரி’ என்ற பெயர் வேண்டாம்; அது நீர் பிறக்கும் ஏரி என்று தோன்றச்செய்யும். உரிமையாளர் தெரிவு செய்து குறிப்பிடுவதால் ‘பதிவு ஏரி’ என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.