வீட்டில் காய்ச்சிய பீர் ஏன் இப்படிக் கசக்கிறது?

கேள்வி (சுங்கை சிப்புட்): அண்ணே, 10 லிட்டர் காய்ச்சினேன், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) 20 கிராம்தான், 60 நிமிடம் கொதித்தது. குடித்தால் வேப்பிலைக் கசப்பு, அப்புறம் கெட்டியான தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்ததுபோல ஈறெல்லாம் வறண்டு இழுக்கிறது.

பதில்: தம்பி, அந்த இழுப்பு ஹாப்ஸ் வேலையில்லை, துவர்ப்பு. ஊறவைத்த தானியத்திலிருந்து மிச்சச் சாறு இறங்க, என்ன சூட்டு நீரில் அலசினீர்கள்? 77 டிகிரி தாண்டினால் உமியிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கிவிடும்.

கேட்டவர்: ஐயோ, கொதிநீரில்தான் அலசினேன்!

இன்னொருவர்: சரி, கசப்புக்கு ஹாப்ஸ் பாக்கெட்டையும் பாருங்கள். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்றால் ஒரு கணக்கு, 12 என்றால் அதே 20 கிராம் இரண்டு மடங்குக்கு மேல் கசக்கும். அடியில் படிந்த ஈஸ்ட் கலந்தாலும் கசக்கும், அதனால் ஒரு வாரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு, போத்தலை ஆட்டாமல் தெளிந்ததை மட்டும் ஊற்றிப் பாருங்கள்.