பரணில் இருந்த ஸ்பிட்ஃபயர்

மதுரையிலிருந்து

போன சித்திரையில் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். வெண்கலப் பானைக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவில் தட்டையாக ஓர் அட்டைப்பெட்டி. தூசியைத் தட்டும்போதே என்னவென்று தெரிந்துவிட்டது. ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல், பாகங்களை வெட்டி ஒட்டிக் கட்டுவது. சிங்கப்பூரில் இருந்த பெரிய மாமா 1991இல் லீவுக்கு வந்தபோது கொடுத்தது. பிளஸ் டூ பரீட்சை நெருங்கியதால் பாதியில் மூடி வைத்தேன். அப்புறம் கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள். மூடியது மூடியதுதான்.

திறந்து பார்த்தேன். விமான உடலின் இரண்டு பாதியும் ஒட்டியிருந்தன. இடது பக்கம், இறக்கை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பிளாஸ்டிக்கில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்தது ட்யூபில் வரும் பசைதான். அது பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும். கையில் பட்டதைத் துடைக்காமல் தொட்டிருக்கிறேன், உருகிய இடத்தில் ரேகை அப்படியே இறுகிவிட்டது. பதினேழு வயது விரல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடுகளை எண்ணலாம். இன்றைய விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

விமானத்தின் மேல் ஒட்டும் குறிகளும் எழுத்துகளும் அச்சிட்ட டெக்கால் தாள்தான் போய்விட்டது. வெறுமனே மஞ்சளாகியிருந்தால் வழி உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில வாரத்தில் வெளுத்துவிடும். என்னுடையதை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. டெக்காலுக்கு அடியில் இருப்பது மாவுப்பசை மாதிரியான பிசின், அதை அந்தப் பூச்சி விடாது. வட்டக் குறிகளில் பாதியைக் காணோம்.

சரி, புது டெக்கால் வாங்கத்தான் போகிறோம், எந்தப் படைப்பிரிவின் விமானமாகச் செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு பெயரில் கண் நின்றது: 234ஆம் ஸ்குவாட்ரன், ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு இந்தப் பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் திரட்டி அனுப்பிய பணத்துக்காக வைத்தது. மனம் உவந்து கொடுத்தார்களா, கலெக்டர் கேட்டாரே என்று கொடுத்தார்களா என்பது தனிப் பேச்சு. ஆனால் மதுரையும் அந்த மாகாணத்தில்தானே இருந்தது. சின்ன வயதில் இங்கிலாந்துக்காரன் விமானம் என்று நினைத்துக் கட்டத் தொடங்கியதில் எங்கள் பக்கத்துப் பணமும் பறந்திருக்கலாம் என்று தெரிந்ததும், இதை முடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

234ஆம் பிரிவு 1940இல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. பக்கவாட்டில் ‘ஏ’, ‘இசட்’ என்று இரண்டு சாம்பல் எழுத்து. அதற்கென்று தனி டெக்கால் எனக்கு அகப்படவில்லை. பொதுவான எழுத்துத் தாள் ஒன்று வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒட்டினேன். மேலே கரும்பச்சையும் மண் நிறமும், அடியில் பச்சை கலந்த வெளிர் நிறம்.

இவ்வளவு வருடத்தில் என்ன மாறியிருக்கிறது என்றால், முதலில் பசை. இப்போது தண்ணீர் மாதிரி இருக்கும் சிமெண்ட், மூடியிலேயே மெல்லிய தூரிகை வைத்துக் கிடைக்கிறது. முன்பு பசையைத் தடவிவிட்டுப் பாகங்களைச் சேர்ப்போம். இப்போது சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கின் ஒரு முனையில் தூரிகையைத் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இடுக்கு முழுக்க அதுவே ஓடிவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது வேண்டாத இரண்டு துண்டை எடுத்து மறுபடி மறுபடி ஒட்டிப் பார்த்தேன். ஒரே எச்சரிக்கை, விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு ரேகை விழும்.

இன்னொன்று, பழைய பெட்டியில் தகட்டு இணைப்புக் கோடுகள் மேலே புடைத்திருக்கும். இப்போது வரும் பெட்டிகளில் அவை உள்ளே குழிந்து, தலைமுடி கனத்தில் இருக்கின்றன. பழையதை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் பாதிக் கோடு அழிந்துபோகும். தையல் ஊசியை ஒரு பென்சில் கட்டையில் செருகி, டேப்பை விளிம்பாக வைத்துத் திரும்பக் கீறினேன். நான்கு இரவு ஆனது. அழுத்தாமல், மூன்று நான்கு முறை லேசாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் ஊசி வழுக்கி இறக்கையின் குறுக்கே ஓடிவிடும். எனக்கு வலது இறக்கையில் ஓடியது. பட்டி வைத்து அடைத்து, காயவிட்டு, தேய்த்துச் சரி செய்தேன்.

பெரிய நஷ்டம் ஒன்று சொல்கிறேன், புதிதாகத் திரும்பி வருபவர்களுக்கு உதவும். விமானியின் கண்ணாடி மூடியை, நொடியில் பிடிக்கும் பசையால் ஒட்டினேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசைதான் சரி. காய்ந்தால் பசை இருந்த இடமே தெரியாது, கோணல் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். நான் அந்த மூடியைப் பிரித்தெடுத்து, மிக நைசான தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி, முக்கால்வாசி மீட்டுவிட்டேன்.

அப்புறம் மின்விசிறி. மதுரை மே மாதத்தில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. விசிறி ஓடினால் டெக்கால் பறக்கும், பெயிண்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு, மொட்டை மாடி அறையில், இரவு பத்தரை முதல் பன்னிரண்டு வரை. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வேன், வியர்வை சொட்டாமல் இருக்க.

தாம்பரத்திலிருந்து

அண்ணா, அந்த விரல் ரேகையைத் தேய்த்துவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு.

என் கதையும் ஏறத்தாழ இதுதான், ஆனால் பரணுக்குப் பதில் அப்பா. விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து முதல் மாடல் கட்டினோம். கல்யாணமானதும் விட்டுவிட்டேன், பதினெட்டு வருடம். போன வருடம் அம்மா தவறிய பிறகு அப்பா பேசுவதே குறைந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நேட் என்ற சின்னப் போர் விமானத்தின் மாடல் பெட்டி ஒன்று வாங்கி அவர் முன்னால் வைத்தேன். 1/72 அளவு. அசல் விமானமே ஒன்பது மீட்டருக்குக் குறைவு, மாடல் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குச் சக்கரக் கதவுதாம்மா ஏர்பிரேக்கு" என்றார். பறந்துகொண்டிருக்கும்போதே சக்கரத்தைக் கொஞ்சம் இறக்கினால் கதவுகள் காற்றைப் பிடித்து வேகம் குறையுமாம். இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே விரித்துக் காட்டினார். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அதையே பேசினோம்.

அவர் கை நடுங்கும். அதனால் தாளைப் படித்துப் பாக எண்ணைச் சொல்வது அவர் வேலை, வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒரே ஒரு பாகம் மட்டும் அவரே வைத்தார். மூக்குச் சக்கரம் உள்ள விமானங்களில் மூக்கில் கனம் இல்லையென்றால் மாடல் வால் குத்தி உட்கார்ந்துவிடும். கடையில் தூண்டில் ஈயக்குண்டு பத்து ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அப்பா முழங்கைகளை மேசையில் ஊன்றி, ஒரு கையின் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, மூன்று குண்டுகளை மூக்குக்குள் இறக்கினார். உடலை மூடுவதற்கு முன் டேப் போட்டுச் சேர்த்து, சக்கரம் வரும் இடத்தில் பென்சிலை வைத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். இன்னொன்று வை என்றார். வைத்தேன். மூக்குப் பக்கம் சாய்ந்தது.

18ஆம் ஸ்குவாட்ரன் விமானமாகச் செய்தோம். அந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் செகோன் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே நேட்டில் எழும்பி, தனியாகச் சண்டையிட்டு உயிரைக் கொடுத்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெயரைச் சொல்லும்போது அப்பா இன்றும் நிமிர்ந்து உட்காருகிறார்.

ஒரு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கடைசியில் அடிக்கும், பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷை நவம்பர் மழையில் அடித்தேன். பத்தே நிமிடத்தில் விமானம் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. நான் அழவே தொடங்கிவிட்டேன். தேய்த்து எடுத்துவிடாதே, வெயில் வரட்டும் என்று அப்பா தடுத்தார். தை பிறந்து நல்ல வெயில் வந்ததும், அதன்மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு கோட்டிங் அடித்தேன். வெள்ளை கரைந்து, அடியில் இருந்த நிறம் திரும்ப வந்தது. காய்ந்த பிறகு மறுபடி மேட். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து

அக்கா, உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அதே 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் எங்கள் சூலூரில்தான் தேஜஸ் விமானத்தோடு மறுபடி தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே 45ஆம் ஸ்குவாட்ரனின் தேஜஸ் இங்கே வந்துவிட்டது. நான் வேலைக்குப் போகும் வழியில் தலைக்கு மேலே பறக்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்ப்பேன்.

என்னைத் திரும்ப இழுத்தது மிக்-21 போர் விமானம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடை கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1963இலிருந்து நம் விமானப்படையில் ஓடிய விமானம். அன்று ராத்திரியே 1/48 அளவில் ஒன்று ஆர்டர் போட்டேன். பன்னிரண்டு வருடம் கழித்து பாகங்களை வெட்டும் நிப்பரைக் கையில் எடுத்தபோது கை மறக்கவில்லை, கண்தான் ஒத்துழைக்கவில்லை. எங்கள் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் தன் பழைய கண் லென்ஸைக் கொடுத்தார். விமானி அறையின் டயல்கள் அதில் பார்த்தால் பெரிய கடிகார முகம் மாதிரி தெரிகின்றன. ஒவ்வொரு டயலிலும் துளி பளபளப்பு வார்னிஷை ஊசி முனையால் வைத்தால் கண்ணாடி போட்டது போல இருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு பெயிண்டில் தின்னர் கலந்து அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு நாள் தலைவலி வந்தது. தூசிக்குப் போடும் துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மதுரையிலிருந்து

தங்கச்சி, ரேகையைத் தேய்க்கவில்லை. சுற்றி இருந்த பசைக் கட்டியை மட்டும் எடுத்தேன். பெயிண்டை நன்றாக இளக்கி மூன்று கோட்டிங் அடித்தும் சாய்ந்த வெளிச்சத்தில் கோடுகள் தெரிகின்றன. மண் நிறமும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது, தேடிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

நேற்று கடைசி வேலை முடிந்தது, ஏரியல் கம்பி. கடையில் மெல்லிய இழை விற்கிறார்கள், ஆனால் மாமா கொடுத்த பெட்டியிலிருந்தே செய்ய ஆசைப்பட்டேன். பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு குச்சியை எடுத்து, அகல் விளக்குச் சுடருக்கு ஒரு விரற்கடை மேலே மெதுவாக உருட்டினேன். சுடரில் படக் கூடாது, பட்டால் பற்றிக்கொள்ளும். நடுவில் பளபளத்து இளகியதும் விளக்கை விட்டு நகர்த்தி, இரண்டு பக்கமும் நிதானமாக இழுத்தேன். இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை ஒரு முழம் நீளத்துக்கு முடி போல இழை வந்தது. கம்பத்திலிருந்து வால் வரைக்கும் அளந்து வெட்டி, வெள்ளைப் பசையால் ஒட்டினேன். தொய்ந்திருந்த இடத்தில், ஊதி அணைத்த ஊதுவத்தியின் சூட்டை அரை அங்குலத் தூரத்தில் காட்டியதும் இழை சுருங்கி விறைப்பாக நின்றது.

மாமாவுக்கு இப்போது எண்பத்து மூன்று, காரைக்குடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் வைத்துப் போகப் பழைய ஷூ பெட்டியில் ஸ்பாஞ்ச் வெட்டி வைத்திருக்கிறேன், ஏரியல் பக்கம் மட்டும் ஒன்றும் படாமல்.