புதுப்பிப்பு: மகனின் விளக்குச் சடங்கு

வெளியே கிளம்புமுன் வீட்டு விளக்குகள் அனைத்தையும் ஒரே வரிசையில் போட்டு அணைக்காவிட்டால் ஆட்டிசம் உள்ள என் மகன் அலறுவதைச் சொல்லி, இதைத் தடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தடுக்கவில்லை. மாற்றமின்மையை நாடும் இந்தப் பிடிவாதத்தை குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றிய தன் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பதிவு செய்திருக்கிறார் என்றும், பதற்றம் கூடினால் சடங்கும் நீளும் என்றும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) விளக்கினார். அதன்பின் செருப்பு, விளக்கு, கதவு, ஆட்டோ எனப் படங்களை வரிசையாக ஒட்டி, விளக்குக்கு ஒரே ஒரு படம் வைத்தோம். கூடத்து விளக்கை அணைத்ததும் அவனே அந்தப் படத்தை எடுத்துப் பெட்டியில் போடுகிறான். பள்ளி நாட்களில் இது பெரும்பாலும் பலிக்கிறது, விருந்தினர் வந்தாலோ மின்தடை ஏற்பட்டாலோ பழைய வரிசை முழுவதும் திரும்பிவிடுகிறது (மாமியார் இதை அடம் என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை). கைகளை உதறும் பழக்கம் அவனை அமைதிப்படுத்துவதாலும் யாரையும் காயப்படுத்தாததாலும் அதில் நாங்கள் தலையிடவில்லை. அடுத்து, படங்களின் வரிசையைச் சிறிது மாற்றிப் பார்க்கவிருக்கிறோம்.