பேஸ்பால் பேட்டிங் சராசரி, டிப் ஓ'நீல், 1887: அச்சில் .492, ஃபைலில் .435, எனக்கு வருவது .485. எது சரி?

கேள்வி: வெண்பந்து

1871 முதல் 1900 வரையிலான பேட்டிங் கணக்கை ஒரு சிஎஸ்வி ஃபைலில் வைத்துக்கொண்டு, ஆண்டுவாரியாக யார் முதலிடம் என்று பட்டியல் போடுகிறேன். 1887இல் அமெரிக்கன் அசோசியேஷன் லீக்கில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸின் டிப் ஓ'நீல். ஃபைலில் 517 அட்-பேட் (சராசரிக் கணக்கில் ஏறும் பேட்டிங் முறை), 225 ஹிட் (அடித்துத் தளம் சேர்ந்தது), 50 வாக் (பிட்சரின் தவறான பந்துகளால் அடிக்காமலே கிடைக்கும் முதல் தளம்). ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் .435. அன்றைக்கு அச்சான எண்ணோ .492. அந்த ஒரு சீசனில் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள் என்பது தெரியும். அதன்படி 50ஐ மேலேயும் கீழேயும் கூட்டினால் 275/567, அதாவது .485. எப்படிப் போட்டாலும் .492 வரமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

இன்னொரு சந்தேகம். 1871இல் லெவி மெயர்லிக்கும் அச்சு அசலாக .492 இருக்கிறது. ஒரு வரி இன்னொரு வரியில் ஒட்டிக்கொண்டதா?

பதில் 1: கோட்டுப்புத்தகம்

வகுத்தலில் தப்பில்லை. .492க்குப் பின்னால் இருந்த ஹிட், அட்-பேட் எண்ணிக்கையே வேறு. இன்றைய ஃபைல்களில் இருப்பது 1960களில் பழைய செய்தித்தாள் பாக்ஸ் ஸ்கோர்களை (ஒவ்வொரு ஆட்டத்தின் சுருக்கக் கணக்கு அட்டவணைகளை) ஆட்டம் ஆட்டமாக மறுபடி எண்ணி எடுத்த கணக்கு. அன்றைய விதியை இன்றைய எண்ணிக்கையில் பொருத்தினால் .485தான் கிடைக்கும், .492 கிடைக்காது. விதி ஒரு காலத்தது, எண்ணிக்கை இன்னொரு காலத்தது. இந்த இரண்டையும் கலப்பதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தவறு.

.435 வந்த வழி இது: 1968இல் சாதனைகளுக்கான சிறப்புக் குழு, வாக் எந்த ஆண்டிலும் ஹிட்டும் இல்லை, அட்-பேட்டும் இல்லை என்று முடிவு செய்தது. இது 1887ஐ மட்டும் தொடவில்லை, 1876ஐயும் தொடுகிறது. அந்த ஆண்டு நேர் எதிர்: வாக் வாங்கினால் அட்-பேட் கணக்கில் ஏறும், ஹிட் ஏறாது. சிகாகோவின் ராஸ் பார்ன்ஸ் 138 ஹிட், 322 அட்-பேட், 20 வாக். இன்றைய முறையில் .429, அன்றைய முறையில் 138/342, கிட்டத்தட்ட .404.

ஓ'நீலுக்கு எந்த முறையிலும் முதலிடம் போகாது. சிக்கல் அதே ஆண்டின் இன்னொரு லீக்கான நேஷனல் லீக்கில். கேப் ஆன்சன் 164/472, அதாவது .347, வாக் 60. டெட்ராய்ட்டின் சாம் தாம்ப்சன் 203/545, அதாவது .372, வாக் 32. வாக்கைச் சேர்த்தால் ஆன்சன் .421, தாம்ப்சன் .407. பட்டமே கை மாறுகிறது! ஆகவே பட்டியலின் தலைப்பிலேயே எந்த விதி என்று எழுதிவிடுங்கள். நான் என்றால் 1968 விதியை எல்லா ஆண்டுக்கும் வைத்து, அன்று அச்சான எண்ணைத் தனிப் பத்தியில் போடுவேன்.

பதில் 2: மூன்றாம்தளம்

மெயர்லி வரி ஒட்டிக்கொண்டது இல்லை. 64 ஹிட், 130 அட்-பேட். வகுத்துப் பாருங்கள், .4923. இரண்டு .492களும் தற்செயல்.

ஆனால் 130 அட்-பேட்தான் என்பதை மறக்கக் கூடாது. பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அந்த ஆண்டு ஆடியதே 28 ஆட்டம். அவர் ஆடியது 26. ஐந்து ஹிட் குறைந்திருந்தால் 59/130, .454 ஆகிவிடும். அன்று பிட்சர் (பந்து எறிபவர்) 45 அடியிலிருந்து கையைக் கீழே வைத்துத்தான் போட வேண்டும். உயரமாகவா தாழ்வாகவா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். எதிரே ஃபீல்டர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். இந்த எண்ணை 1890களின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்துவது வீண் வேலை.

தகுதி வரம்புக்கு, அணி ஆடிய ஆட்டம் × 3.1 பிளேட் அப்பியரன்ஸ் (வாக் உட்பட பேட் பிடிக்க வந்த மொத்த முறை) என்ற இன்றைய கணக்கையே வைக்கலாம். 28 ஆட்டத்துக்கு 87. மெயர்லி தாண்டிவிடுகிறார். இன்றைய முழு சீசனுக்கான 502 என்ற நிலையான எண்ணை வைத்தால் 1870கள் முழுக்கக் காலியாகிவிடும்.

பார்ன்ஸுக்கு ஒரு குறிப்பு: 1876 வரை பந்து முதலில் ஃபேர் பகுதியில் (ஆட்டக் கோடுகளுக்குள்) குத்திவிட்டு எங்கே உருண்டு போனாலும் ஃபேர்தான். அதை அடிப்பதில் அவர் கில்லாடி. 1877இல் விதி போனது, அவர் .272க்கு இறங்கினார். ஆனால் விதி மாற்றத்தை மட்டும் காரணம் சொல்வது அநியாயம். அந்த சீசனில் நோயால் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் ஆடவே இல்லை.

பதில் 3: சராசரிச்சண்டை

ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் லீக் சராசரியால் வகுங்கள். 1893இல் பிட்சர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலமானது. 50 அடியிலிருந்து பத்தடி தள்ளிவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது பிசகு. 50 அடி என்பது பிட்சர் பெட்டியின் முன்கோடு. பின்கால் 55 அடி 6 அங்குலப் பின்கோட்டில் இருந்தாக வேண்டும். உண்மையில் ஐந்தடிதான் நகர்ந்தது. அந்த ஐந்தடிக்கே நேஷனல் லீக் சராசரி 1892இல் .245, அடுத்த ஆண்டு .280, 1894இல் .309 என்று ஏறியது.

இப்போது 1892இன் டான் பிரவுதர்ஸையும் 1894இன் ஹியூ டஃபியையும் எடுங்கள். .335, .440. பார்க்க மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். லீக்கால் வகுத்தால் 1.37, 1.42. பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

லீக் சராசரி எடுக்கும்போது ஆட்டக்காரர்களின் சராசரிகளைக் கூட்டி வகுக்காதீர்கள். மொத்த ஹிட்டை மொத்த அட்-பேட்டால் வகுங்கள். ஒரே ஆண்டில் அணி மாறியவருக்கு இரண்டு வரி இருக்கும், முதலில் அவற்றைக் கூட்டுங்கள். 1884 யூனியன் அசோசியேஷனைத் தனியாக வையுங்கள். ஒரே சீசனோடு மூடிய, பலம் குறைந்த லீக் அது. அங்கே .412 அடித்த ஃபிரெட் டன்லப் அடுத்த ஆண்டு நேஷனல் லீக்கில் .270.

வெண்பந்து:

நன்றி. ஆன்-பேஸ் சதவீதமும் (பேட்டர் தளம் சேர்ந்த விகிதம்) சேர்க்க நினைக்கிறேன். ஃபைலில் சில கட்டங்கள் காலி, சில கட்டங்களில் பூஜ்யம். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடலாமா?

கோட்டுப்புத்தகம்:

கூடாது. காலி என்றால் யாரும் எழுதி வைக்கவில்லை என்று பொருள். பேட்டர்களின் ஸ்ட்ரைக்அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவதை) நேஷனல் லீக் 1910இல்தான் அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது. அதற்கு முந்தைய காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்கினால் ஸ்ட்ரைக்அவுட்டே ஆகாத வீரர்கள் கூட்டம் கூட்டமாக முளைப்பார்கள். பந்து உடம்பில் பட்டால் முதல் தளம் என்ற விதி அமெரிக்கன் அசோசியேஷனில் 1884இலும் நேஷனல் லீக்கில் 1887இலும் வந்தது. அதற்கு முன்னால் இருக்கும் பூஜ்யம் உண்மையான பூஜ்யம். சாக்ரிஃபைஸ் ஃப்ளையை (பேட்டர் கேட்ச் ஆனாலும் ஓட்டம் எடுத்துத் தரும் உயரப் பந்து) விட்டுவிடுங்கள். மேலே ஹிட் + வாக் + உடம்பில் பட்டது, கீழே அட்-பேட் + வாக் + உடம்பில் பட்டது, அவ்வளவுதான். வாக்குக்கு எத்தனை பால் (தவறான பந்து) என்பதையும் ஒரு பத்தியில் குறித்து வையுங்கள்: 1879இல் ஒன்பது, 1887இல் ஐந்து, 1889 முதல் நான்கு. 1870களில் வாக் பத்தி ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.